வீட்டுக்காரரும் நிறுவனமும்

வீட்டைக் குறிக்கத் தமிழில் பழைய சொற்கள் இரண்டு உண்டு. ஒருவன் தனக்கென்று புகுந்து நிலையாக வாழும் இல்லம் ‘புக்கில்’. பிறர் இல்லத்தில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் இடம் ‘துச்சில்’. நிலையாமையைப் பற்றிய அதிகாரத்தில், உடம்பிலே தங்கியிருக்கும் உயிரின் நிலையை விளக்கத் திருவள்ளுவர் இந்த இரு சொற்களையும் ஒரே குறளில் எடுத்தாளுகிறார். ஒதுக்குக் குடியிருப்பவனின் மனநிலையை அவர் நன்கு அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நானும் சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் துச்சிலிலேயே காலம் தள்ளியவன்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் படிப்பையோ வேலையையோ நாடிப் பெரிய நகரம் ஒன்றுக்குச் செல்வீர்கள். அங்கே முதலில் தேட வேண்டியது குடியிருக்க ஓர் இடம். அந்த இடம் இரண்டு வகையில் கிடைக்கலாம். வீட்டுக்காரர் ஒருவரே நேரில் நின்று உங்களுக்கு வாடகைக்கு விடலாம். அல்லது உரிமையாளர் எங்கோ இருக்க, அவர் சார்பில் ஒரு நிர்வாக நிறுவனம் விடலாம். இவற்றுள் எது நல்லது? நான் இரண்டிலும் வாழ்ந்தவன், இரண்டிலும் நன்மை பெற்றவன், இரண்டிலும் அடிபட்டவன். ஆதலின் என் அனுபவத்தையே முதலில் சொல்லுகிறேன்.

2005-ஆம் ஆண்டு முதல் நாங்கள் சைதாப்பேட்டையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். என் தாயார், மனைவி, பெண்கள் இருவர், நான் என்று ஐந்து பேர். வீட்டுக்காரர் இரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். மனைவியுடன் மாடியில் வசித்து வந்தார். நான் அவரை ‘ஐயா’ என்பேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். எங்களுக்குள் ஒப்பந்தம் என்று ஒரு காகிதமும் இல்லை. நான் கொடுத்த முன்பணம் அறுபதாயிரம் ரூபாய்க்கும் இரசீது இல்லை. “நமக்குள் எதற்குத் தம்பி காகிதம்?” என்று அவர் கேட்டார். அந்தச் சொல்லில் இருந்த அன்பு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்பு இருந்தது போலவே அதிகாரமும் இருந்தது. இரவு பத்து மணிக்கு வாயிற்கதவு பூட்டப்படும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தண்ணீர் மோட்டார் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அவர் கையால்தான் போடப்படும். ஊரிலிருந்து என் மாமனார் வந்தால், “எத்தனை நாள் இருப்பார்?” என்று மாடிப்படியிலிருந்து கேள்வி வரும். பதினொரு நாள் ஆகும் என்று சொல்லும் துணிவு எனக்கு இருந்ததில்லை. நான்கு நாள் என்பேன். ஐந்தாம் நாள் முதல் மாமனார் மெதுவாக இருமுவார்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவை நான் மறக்க இயலாது. அடையாறு கரை கடந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் வந்தது. சிறிது நேரத்தில் அது இடுப்பளவாயிற்று. விளக்கு அணைந்துவிட்டது. என் தாயாரைத் தூக்கிக்கொண்டு நான் மாடிப்படியை நெருங்கும் முன்பே, மேலிருந்து ஒரு கை விளக்கு இறங்கி வந்தது. வீட்டுக்காரர்தாம். எழுபது வயதைக் கடந்த அவர் நீரில் இறங்கி நின்று, என் இளைய மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மூன்று இரவுகள் அவருடைய கூடத்தில் படுத்திருந்தோம். அவ்வம்மையார் இருந்த அரிசியை ஏழு பேருக்குமாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அந்த மாத வாடகையை நான் கொடுக்கப் போனபோது, “வெள்ளத்தில் குடியிருந்ததற்கு வாடகையா?” என்று சொல்லித் திருப்பிவிட்டார்.

எந்த நிறுவனத்தின் எந்த விதியிலும் இப்படி ஒரு பிரிவு இருக்க முடியுமா? இராது. அது மனிதர் மனிதருக்குச் செய்தது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை அவரே கீழே இறங்கி வந்தார். “தம்பி, என் மகள் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப் போகிறாள். பத்து நாளில் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிடுங்கள்” என்றார். என் மூத்த மகளுக்கு மார்ச் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. “தேர்வு முடியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா” என்று வேண்டினேன். அவர் முகம் இறுகிவிட்டது. “என் வீட்டை நான் கேட்பதற்கு உங்கள் பெண்ணின் தேர்வா குறுக்கே நிற்பது?” என்றார்.

சட்டத்தின் துணை அப்போதும் எனக்கு இருந்தது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அன்று நடைமுறையில் இருந்தது. வீட்டுக்காரர் தம் சொந்தத் தேவைக்கு வீட்டைக் கேட்கலாம். ஆயினும் அதற்கென உள்ள அதிகாரியிடம் முறையிட்டு ஆணை பெற வேண்டும். பத்து நாளில் யாரும் என்னை வெளியேற்ற முடியாது. இதை நண்பர் ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார். ஆனால் என் மகளைத் தோளில் சுமந்தவரோடு நான் எப்படி வழக்காடுவது? அவர் வீட்டில் குடித்த கஞ்சி என் வாயை அடைத்துவிட்டது. புத்தகங்களைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வேறு இடம் போனோம். என் மகள் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தாள்.

முன்பணத்தைக் கேட்டபோது, அறுபதாயிரத்தில் இருபதாயிரம் குறைந்தது. வெள்ளத்தால் சுவர்கள் பாழாகிவிட்டன என்றும், வெள்ளையடிக்கும் செலவு அது என்றும் கூறினார். வெள்ளம் நான் கொண்டு வந்ததன்று. ஆனால் அதைச் சொல்லி வாதிட என் கையில் ஒரு வரி எழுத்தும் இல்லை.

நேயர்களே, அவரைக் கெட்டவர் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அவர் நல்லவர், ஆனால் எங்கள் உறவில் கருணையும் உரிமையும் ஒரே பையில் கலந்து கிடந்தன. கருணையைப் பெற்றுக்கொண்டவனுக்கு உரிமையைக் கேட்க நா எழவில்லை. உரிமைக்கு என்று தனியாக ஒரு காகிதம் இருந்திருந்தால், அவருடைய அன்பும் அன்பாகவே நின்றிருக்கும்.

அதன் பின், ‘இனி மனிதர் வேண்டாம், விதியே போதும்’ என்று எண்ணினேன். 2019-ஆம் ஆண்டில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் நான்காம் மாடியில் குடியேறினோம். எங்கள் வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். அவரை நான் கண்டதில்லை. அவர் வீட்டையும், அந்தக் கட்டடம் முழுவதையும் ஒரு நிறுவனம் நிர்வகித்து வந்தது. பதினெட்டுப் பக்கத்தில் ஒப்பந்தம். முன்பணம் மூன்று மாத வாடகை. ஒவ்வொரு மாதமும் வாடகை செலுத்திய மறு நிமிடம் இரசீது வந்துவிடும். ஆணி அடிக்கலாமா என்பதற்கு ஒரு பிரிவு இருந்தது. அடிக்கலாம் என்றே இருந்தது. மாமனார் வந்து ஒரு மாதம் தங்கினார். எத்தனை நாள் என்று கேட்பார் இல்லை. அவருக்கே அது ஒரு குறையாக இருந்தது.

நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன், மின்தூக்கி நிற்கும் வரையில்.

ஒரு திங்கட்கிழமை மின்தூக்கி பழுதாயிற்று. நிறுவனத்திற்குத் தெரிவித்தோம். ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று ஓர் எண் வந்தது. செவ்வாய்க்கிழமை கேட்டோம், அதே எண்ணைச் சொன்னார்கள். புதன்கிழமையும் அவ்வாறே. ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் பேசிய குரல் வேறு. ஒவ்வொரு குரலும் மிக மரியாதையானது. பழுது பார்க்கும் செலவு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டுவதால், வேறு நகரில் உள்ள தலைமை அலுவலகம் இசைவு தர வேண்டுமாம். யார் தர வேண்டும் என்று கேட்டால், அது அந்தக் குரலுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நள்ளிரவில் என் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஆம்புலன்ஸ் வண்டி கீழே வந்து நின்றது. நாங்கள் நான்காம் மாடியில் நின்றோம். வாயிற்காவலரும் பக்கத்து வீட்டு இளைஞரும் நானுமாக, அவரை ஒரு நாற்காலியில் அமர்த்தி, எண்பது படிகளையும் ஒவ்வொன்றாக இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினோம். மூச்சுக்குத் தவித்தவர் அவர். ஆனால் எங்களைப் பார்த்து, “மெதுவாகப்பா, மெதுவாக” என்று சைகை காட்டினார். உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தோம். அவர் பிழைத்தார்.

அந்த இரவில் எனக்குச் சைதாப்பேட்டைக் கை விளக்கு நினைவுக்கு வந்தது. அந்த வீட்டுக்காரர் இருந்திருந்தால், திங்கட்கிழமை மாலையே பழுது பார்ப்பவரைக் கையோடு இழுத்து வந்திருப்பார். அங்கே முகம் இருந்தது, எழுத்து இல்லை. இங்கே எழுத்து இருந்தது, முகம் இல்லை.

மறுநாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்தப் பதினெட்டுப் பக்கங்களையும் முதல் முறையாக முழுவதும் படித்தேன். இறுதிப் பக்கத்தில், இந்தக் குடியிருப்பு தொடர்பாக அணுக வேண்டிய நிறுவனப் பிரதிநிதி என்று ஒருவருடைய பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருந்தன. ஓராண்டாக அந்தப் பெயர் என் பெட்டியில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, அவர் பெயருக்கே அனுப்பினேன். திங்கட்கிழமை காலை அவரே நேரில் வந்தார். மாலையில் மின்தூக்கி ஓடியது.

அந்தப் பெயர் அங்கே தற்செயலாக இடம்பெறவில்லை. அதைப் பின்னர் அறிந்துகொண்டேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அத்துடன் நீங்கியது. குடியிருப்பு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், வாடகை அதிகார அமைப்பிடம் அது பதிவு பெற வேண்டும் என்றும் புதிய சட்டம் கூறுகிறது. இருவரும் வேறு வகையாக உடன்பட்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. வெள்ளையடிப்பதும் கட்டடத்தின் பெரும்பழுதுகளும் யார் பொறுப்பு, குழாயின் வாஷரும் கதவின் பூட்டும் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. வெள்ளையடிப்பது, வேறு உடன்பாடு இல்லையெனில், வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டைப் பார்வையிட வருவதாயின் 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தகராறு நேர்ந்தாலும், தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளரோ நிர்வாகியோ நிறுத்தக் கூடாது.

இவை தவிர இன்னும் ஒன்று உண்டு. உரிமையாளர் தம் வீட்டை நிர்வகிக்க வேறொருவரை அமர்த்தினால், அவர் பெயர், அவருக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்திற்குச் சான்று, எந்தெந்தக் காரியத்திற்கு அந்த அதிகாரம் என்ற விவரம் ஆகியவற்றை வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நிர்வாகி ஒரு நிறுவனமாக இருந்தால், அணுக வேண்டிய ஆள் இன்னார் என்றும் சொல்ல வேண்டும். பாருங்கள்: தனி வீட்டுக்காரரிடம் சட்டம் எழுத்தைக் கேட்கிறது, நிறுவனத்திடமும் எழுத்தைக் கேட்பதோடு, ஒரு முகத்தையும் கேட்கிறது. நான் பதினைந்து ஆண்டு பட்டுத் தெரிந்துகொண்டதைச் சட்டம் சில வரிகளில் சொல்லிவிட்டது.

இந்த இரண்டு குறைகளும் நம் ஊருக்கு மட்டும் உரியன அல்ல. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் வீடுகளை உரிமையாளர் சார்பில் நிர்வகித்து வாடகை தண்ட, ‘ஃபாக்டர்’ எனப்படும் முகவர்கள் இருந்தனர். முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளை நாடி மக்கள் குவியவே, வாடகை உயர்த்தப்பட்டது. ஆடவர் பலர் போர்முனையில் இருந்தனர். மேரி பார்பர் முதலிய பெண்கள் முன்னின்று, ‘உயர்ந்த வாடகையைக் கொடுக்க மாட்டோம்’ என்று 1915-ஆம் ஆண்டில் போராடினர். வீட்டைக் காலி செய்விக்க அதிகாரிகள் வந்தால் மணி அடிக்கும். தெருவிலுள்ள பெண்கள் எல்லாம் கூடி வழியை மறிப்பர். அந்த ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே, போருக்கு முன்பிருந்த அளவில் வாடகையை நிறுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், நம் சென்னையிலும் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பின்னர் 1949-இலும் 1960-இலும் சட்டங்கள் வந்தன.

நிர்வாகத்திற்கும் முகம் இருக்கலாம் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்தின் ஆக்டேவியா ஹில் அம்மையார். 1865-ஆம் ஆண்டில், இலண்டனின் மேரிலபோன் பகுதியில் ஏழைகள் வாழ்ந்த மூன்று வீடுகளை அறிஞர் ஜான் ரஸ்கின் விலைக்கு வாங்கி, நிர்வாகத்தை அவரிடம் ஒப்படைத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வருவாய் வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே அது தருமம் அன்று, முறையான நிர்வாகம். அம்மையார் வாரந்தோறும் தாமே சென்று வாடகை வாங்கினார். வாடகை தவறாமல் வர வேண்டும் என்பதில் மிகக் கண்டிப்பானவர். அதே கண்டிப்போடு பழுதுகளையும் பார்த்தார். பழுதுக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கி, அதில் மிஞ்சியதைக் கொண்டு என்ன வசதி செய்யலாம் என்பதைக் குடியிருப்போரே தேர்ந்துகொள்ளச் செய்தார். பாழாக்காமல் காத்தால் மிச்சம் நமக்கே என்று கண்ட மக்கள், கதவையும் சன்னலையும் தம் பொருள் போல் பேணினர். அவர் பயிற்றுவித்த பெண்கள் பலர் இதே பணியை மேற்கொண்டனர். அவருடைய கண்டிப்பு மிகுதி என்று குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் வாரம் ஒரு முறை வாயிலில் ஒரு முகம் வந்து நின்றது. கூரை ஒழுகினால் அந்த முகத்தினிடம் சொல்ல முடிந்தது.

ஆகவே மாணவ நண்பர்களே, தனி வீட்டுக்காரரா, நிறுவனமா என்று என்னைக் கேட்டால், இரண்டில் எதுவாயினும் ஏற்கலாம் என்பேன். அதனதன் குறையை முதல் நாளே நிரப்பிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், “ஐயா, ஒரு காகிதம் எழுதிக்கொள்வோம், உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது” என்று பணிவோடு சொல்லுங்கள். முன்பணத்திற்கு இரசீது வாங்குங்கள். குடிபுகும் நாளில் சுவரும் குழாயும் எந்த நிலையில் உள்ளன என்று இருவரும் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நிறுவனமாயின், காகிதத்தில் கையெழுத்திடும் முன், “பழுது நேர்ந்தால் முடிவு செய்பவர் யார்? அவர் பெயர் என்ன?” என்று கேளுங்கள். அந்தப் பெயரைப் பெட்டியில் பூட்டாமல் சுவரில் ஒட்டிவையுங்கள். கையெழுத்திடுமுன் எல்லாப் பக்கங்களையும் படியுங்கள். நான் மருத்துவமனையில் படித்ததை நீங்கள் வீட்டிலேயே படித்துவிடலாம்.

நமக்கும் கடமை உண்டு. குறித்த நாளில் வாடகை தருவதும், பிறர் வீட்டைப் பிறர் வீடாயிற்றே என்று பாழாக்காமல் இருப்பதும், போகும்போது பெற்றது போல் ஒப்படைப்பதும் நம் பங்கு. உங்களுள் சிலர் பிற்காலத்தில் வீட்டுக்காரர் ஆவீர்கள். சிலர் அத்தகைய நிறுவனங்களில் பணிபுரிவீர்கள். நள்ளிரவில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ‘அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, மின்தூக்கி ஓடவில்லை’ என்று சொல்லும்போது, புகார் எண்ணைத் தருவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு மறுநாள் சைதாப்பேட்டை சென்றிருந்தேன். வீட்டுக்காரர் மிகவும் தளர்ந்திருந்தார். என் இளைய மகளைப் பார்த்து, “இவளைத்தானே நான் தூக்கினேன்?” என்று கேட்டார். “ஆமாம் ஐயா” என்றேன். இருபதாயிரம் ரூபாயைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கீழ்ப்பகுதியில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. புறப்படும்போது அந்த வீட்டு இளைஞரிடம், “ஒப்பந்தம் எழுதியிருக்கிறீர்களா தம்பி?” என்று மெல்லக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஐயாவே கேட்டு எழுதி வாங்கிவிட்டார்” என்றார்.